சித்திரைப் பௌர்ணமியும் மறந்துபோன பேடியரும்

கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து மலையேறுகிறவர்களுக்கு வழியில் பேச மூச்சிருப்பதில்லை. ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுப் பாதை. சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் திறக்கப்படுவது. குமுளி வழியாக ஜீப்பில் வருவோரும் உண்டு. இரு மாநிலங்களின் காவல்துறையும் வனத்துறையும் நிற்க, காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். உச்சியில் வண்ணாத்திப்பாறையின்மேல் சிதைந்த கருங்கற் கட்டடமாக நிற்கிறது மங்கலதேவி கண்ணகி கோட்டம். 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதுவே சிலப்பதிகாரம் சொல்லும் கோட்டம் என்று கண்டு எழுதிய பிறகுதான், புலவர் உலகம் இந்த மலையை நிமிர்ந்து பார்த்தது. கம்பம் பள்ளத்தாக்கின் சனங்கள் அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

நாங்கள் ஏறிய ஆண்டில், வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு சிறுவன் தன் அப்பத்தாவிடம் கேட்டான், கண்ணகி எதற்காக இவ்வளவு உயரத்துக்கு வந்தாள் என்று. "மதுரய எரிச்சுட்டு இங்கன வந்து உக்காந்துட்டா" என்றார் அந்த அம்மாள். "பெறகு?" என்றான் பையன். "பெறகென்ன, சாமியாயிட்டா." கூட்டம் நகர்ந்தது.

எரித்தாள், சாமியானாள். இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவில் ஒரு முழுப் போர் இருக்கிறது. இமயம்வரை போன படை இருக்கிறது. கல் சுமந்த மன்னர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்த்து ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்ட, ஆணென்றும் பெண்ணென்றும் வகுக்கவியலாத சிலரும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அந்த அம்மாளைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. அவருக்குக் கதை சொன்னவர்களே அந்த நடுப்பகுதியைச் சொல்லாமல் விட்டார்கள்.

முதலில் மலையைப் பற்றி ஒரு சொல். கிழக்கு வாயிலில் கணவனோடு நுழைந்த கண்ணகி, மேற்கு வாயில் வழியே தனியாக மதுரையை விட்டு வெளியேறுகிறாள். வையையின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடக்கிறாள். வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வையையை எதிர்த்து நடப்பவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதைத் தேனிக்காரர்களிடம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தடியில் நின்ற அவளைக் குறவர்கள் கண்டார்கள். அவள் விண்ணேறியதைப் பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் சொன்னார்கள். அந்தக் குன்று எது என்பதில் பழைய உரைகாரர்களே ஒத்துப்போகவில்லை. திருச்செங்கோடு என்போர் உண்டு, கொடுங்கல்லூர்ப் பக்கம் கைகாட்டுவோர் உண்டு. வழக்கு முடியாதது. எனினும் பெரியாறும் வையைப் பள்ளத்தாக்கும் ஒரே மலைமுகட்டின் இரு பக்கமாக விழும் இடத்தில் நின்றுகொண்டு வஞ்சிக் காண்டத்தை வாசிப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. அதை நாங்கள் மறைக்கப் போவதில்லை.

சிலப்பதிகாரத்தின் மூன்றாவது காண்டம் பெரும்பாலும் போர்க்கதை. கோப்பெருந்தேவி வேண்மாள், புதிதாக வந்த பத்தினிக் கடவுளுக்கு வழிபாடு வேண்டும் என்கிறாள். அதற்குக் கல் வேண்டும். பொதிகையிலும் கல் கிடைக்கும், ஆனால் சேர மன்னனுக்கு இமயத்துக் கல்லே வேண்டும். தமிழரசரை இகழ்ந்து பேசிய வடநாட்டு மன்னர் கனகனையும் விசயனையும் வெல்ல வேண்டும் என்ற சினமும் அதில் சேர்ந்துகொள்கிறது. போர் பதினெட்டு நாழிகையில் முடிந்துவிடுகிறது. இளங்கோவடிகள் இங்கே ஒரு கணக்கு வைக்கிறார். தேவாசுரப் போர் பதினெட்டு ஆண்டு, இராமன் இலங்கையில் செய்தது பதினெட்டுத் திங்கள், பாரதம் பதினெட்டு நாள், செங்குட்டுவனுக்குப் பதினெட்டு நாழிகை. நம் கடிகாரக் கணக்கில் ஏழு மணி நேரமும் பன்னிரண்டு நிமிடமும். பெருங்கதைகளின் போர்களோடு தம் மன்னனின் போரை நிறுத்திப் பார்க்கும் ஆசை அன்றைய கவிஞருக்கும் இருந்திருக்கிறது.

தோற்ற படையினர் பலர் மாறுவேடம் பூண்டு ஓடினார்கள். சடைமுடியும் சாம்பற் பூச்சுமாகத் துறவியர்போலச் சிலர், பாடகர்போலவும் ஆடுவோர்போலவும் சிலர். பிடிபட்டவர்களைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வரும்படி செங்குட்டுவன் அனுப்புகிறான். ஆயிரம் கஞ்சுக மாக்கள் அழைத்துச்செல்லும் அந்த ஊர்வலத்தில்தான் 'ஆரியப் பேடி' வருகிறார். இங்கே இளங்கோவின் நடை சட்டென்று மெதுவாகிறது. சுருண்ட தாடி, பூச்சூடிய கூந்தல், கயல் போன்ற கண், வெள்ளைத் தோடு, சிவந்த வாய், வளையணிந்த தோள், மெல்லிடை, பாடகம் பூண்ட சிறிய அடி. தலைமுதல் கால்வரை, தலைவியருக்கென்று புலவர்கள் ஒதுக்கிவைத்த வருணனை முறையில், தாடியையும் விடாமல் எழுதிச் செல்கிறார். ஏறக்குறைய இதே வருணனை மணிமேகலையிலும் உண்டு. அங்கே புகார் நகரத்து வீதியில் பேடிக்கூத்து நடக்கிறது, கூட்டம் சூழ்ந்து வேடிக்கை பார்க்கிறது.

இதை வைத்துக்கொண்டு பழந்தமிழகம் பேடியரை மலர்தூவி வரவேற்றது என்று எழுதிவிடலாம். எழுதியவர்களும் உண்டு. நாங்கள் அதற்கு உடன்படவில்லை. அந்த வருணனை எவ்வளவு அழகாயினும், வருணிக்கப்படுபவர் போர்க்கொள்ளையாக நடத்திச் செல்லப்படுகிறார். பகைவனின் நாட்டு ஆண்மை இவ்வளவுதான் என்று காட்டும் ஏளனமும் அதில் இருக்கக்கூடும். சோழனும் பாண்டியனும் அந்தக் காட்சியைக் கண்டு வியக்கவில்லை, தவவேடம் பூண்டு உயிர்தப்ப நினைத்தவரைப் பிடித்து வருவதெல்லாம் ஒரு வெற்றியா என்று இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சி சேரன் காதுக்கு எட்டியபோது அவன் மீண்டும் சினந்தெழுந்தான், மாடலன் என்ற மறையவன் அறிவுரை கூறி அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. பிறகு ஆரிய மன்னரைச் சிறைநீக்கி வேளாவிக்கோ மாளிகையில் விருந்தினராக வைத்தான் செங்குட்டுவன். மன்னருக்கு விடுதலை கிடைத்தது, மாளிகை கிடைத்தது. பேடியர் என்ன ஆனார்கள் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. அவர்களின் நடை பாதியிலேயே நிற்கிறது.

இதே காப்பியத்தின் முற்பகுதியில் மாதவி ஆடும் பதினோராடல்களில் ஒன்றின் பெயர் பேடு. வாணனின் நகரத்தில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடி உருவம் கொண்டு ஆடியது அது. ஓரிடத்தில் பேடிக்கோலம் சிறையைத் திறக்கிறது, இன்னோரிடத்தில் பேடியே சிறைப்படுகிறார். இளங்கோ இதை எண்ணித்தான் எழுதினாரா என்று எங்கள் நண்பர்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. முடிவு எட்டவில்லை, தேநீர்தான் மூன்று முறை வந்தது.

காப்பியத்தில் இத்தனை இருக்க, மக்கள் கேட்டும் பார்த்தும் வளர்ந்த கண்ணகி கதையில் இவற்றுள் எது மிஞ்சியது?

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் பெரிய எழுத்துக் கோவலன் கதையில் கண்ணகி காளியின் பிறப்பு. பாண்டியனைப் பழிவாங்குவதே அங்கே கதை, சேரனின் படையெடுப்புக்குத் தேவையே எழவில்லை. மதுரை வட்டாரத்தின் இரவுகளை ஆண்ட நாடக மேடைக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய கோவலன் நாடகம் இந்தப் பக்கத்தில் பெரிதும் விரும்பப்பட்ட ஒன்று. அவர் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள். கண்ணகி, மாதவி, கோப்பெருந்தேவி எல்லாம் அங்கே 'ஸ்திரீபார்ட்' பையன்கள்தாம். தமிழ்ப் பெண்மையின் உருவகமாக மேடைகளில் வணங்கப்பட்டவளுக்கு ஒரு தலைமுறைக் காலம் உடல் கொடுத்தவர்கள் ஆண்பிள்ளைகள். அந்தச் சபையிலிருந்து வந்த டி. கே. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். மறுபுறம், 1935இல் நந்தனாராக ஆண்வேடமிட்டுத் திரையில் பாடிய கே. பி. சுந்தராம்பாள்தான் 1964இன் பூம்புகாரில் கவுந்தியடிகளாக வந்தார். பால்மாறிய வேடம் நம் மேடைக்கு அந்நியமாக இருந்ததே இல்லை. ஆனால் அது வேடம். விடிந்தால் கலைந்துவிடும் என்ற உறுதியோடு சபை கைதட்டியது.

அந்த உறுதிதான் பேச வேண்டியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. விராட நகரத்தில் விசயன் பேடியாக இருந்ததை மணிமேகலையே உவமையாக்குகிறது. 1963இல் வெளிவந்த தெலுங்குப் படமான நர்த்தனசாலாவில் என். டி. ராமராவ் பிருகன்னளையாகத் தோன்றியதை ஆந்திரம் கொண்டாடியது. கதாநாயகன் பேடியாகலாம், ஓராண்டு முடிந்ததும் காண்டீபத்தை எடுக்கப்போகிறான் என்பது கொட்டகையில் இருக்கும் கடைசி மனிதனுக்கும் தெரியும். வஞ்சிக் காண்டத்துப் பேடிக்கு அப்படியொரு மறுவுருவம் இல்லை. தாடியும் தோடும் ஒரே முகத்தில் நிலைத்திருப்பவர் அவர். அவரை எந்தக் காட்சியில் வைப்பது என்று மேடைக்குத் தெரியவில்லை.

திரைப்படம் அந்தச் சிக்கலுக்கே போகவில்லை. 1942இன் கண்ணகி, ஜூபிடர் நிறுவனத்தாருடையது. கண்ணாம்பாவின் குரலும் இளங்கோவனின் வசனமும் அதைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றன. 1964இன் பூம்புகாருக்குக் கதை வசனம் மு. கருணாநிதி, கண்ணகியாக விஜயகுமாரி. இரண்டிலும் வழக்குரைக்கும் அவையும் எரியும் மதுரையும்தான் உச்சம். அதைத் தாண்டி ஒரு மூன்றாம் காண்டத்தை எந்த ரசிகன் உட்கார்ந்து பார்ப்பான் என்று தயாரிப்பாளர் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுந்த சிலையும் கையில் சிலம்போடு வழக்குரைக்கும் கண்ணகிதான். 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டபோது எழுந்த குரல்களும் 2006இல் அது மீண்டும் நிறுவப்பட்டபோது எழுந்த முழக்கங்களும் அந்த ஒரே கணத்தைத்தான் பாதுகாத்தன.

வஞ்சிக் காண்டம் முற்றாக மறக்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. அரசியல் மேடைகளில் அது உயிரோடு இருந்தது. கனக விசயர் தலையில் கல்லேற்றிய கதையை ஒரு முறையாவது கேட்காமல் வளர்ந்த தமிழ்நாட்டு மாணவர் குறைவு. ஆனால் கல்லைத் தூக்கிய தலைகள்தாம் பேச்சில் வந்தன, அந்த ஊர்வலத்தின் மற்றவர்கள் வரவில்லை. அவர்களைச் சொன்னால் வெற்றியின் முழக்கம் கொஞ்சம் தடுமாறும். யாரை வென்றோம் என்ற கேள்வி வரும். பாண்டியனும் சோழனும் அன்றே கேட்ட கேள்விதான்.

பேடியர் மேடையை விட்டுப் போனார்கள், பேடி என்ற சொல் போகவில்லை. அரசகட்டளைப் படங்களில் வாளேந்திய நாயகன் எதிரியைப் பார்த்து உமிழும் வசையாக அது நிலைத்துவிட்டது. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் சொல்லை உயர்திணைக்குள் வைத்தே இலக்கணம் சொல்கிறது. நன்னூல் வரும்போது அஃறிணைபோலவும் ஆகும் என்று ஒரு பின்வாசல் திறக்கிறது. சினிமா வசனம் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

இங்கே பள்ளத்தாக்கை விட்டு வடகிழக்கே கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது. காரணம் அதே நிலவு. கண்ணகி கோட்டத்துக்குச் சனங்கள் ஏறும் அதே சித்திரை நிறைநிலவையொட்டித்தான், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா உச்சத்தை அடைகிறது. 2024இல் இரண்டும் ஏப்ரல் 23 அன்றே அமைந்தன. கூவாகம் இன்னொரு போரின் கதை. பாரதப் போரில் பாண்டவர் வெல்லக் களப்பலியாகிறான் அரவான். வியாச பாரதத்தில் இப்படி இல்லை. அங்கே அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனோடு பொருது மடியும் வீரன், அவ்வளவே. களப்பலியைத் தமிழில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும் பின்னர் வில்லிபுத்தூராரிடமும் காண்கிறோம். மணமாகாமல் சாகமாட்டேன் என்று அரவான் கேட்பதும் கண்ணன் மோகினியாகி அவனை ஓரிரவுக்கு மணப்பதும் வில்லியிடம்கூட இல்லை. கூத்தும் கோயிலும் ஊரும் சேர்ந்து உண்டாக்கியவை அவை.

ஆக, ஒரே நிலவின் கீழ் இரண்டு விதமான மறுகூறல். ஒரு காப்பியத்தில் எழுதப்பட்டிருந்தவர்களை வெகுசனக் கதை அழித்தது. இன்னொரு காப்பியத்தில் எழுதப்படாதவர்களை வெகுசனக் கதை போரின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. ஏடும் புலவரும் பாதுகாப்பார்கள், சாமானியன் சிதைப்பான் என்று இலக்கிய வாசகர்களாகிய நாம் பழக்கத்தால் நம்புகிறோம். கூவாகம் அதைத் திருப்பிப் போடுகிறது. அரவான் கதையை ஆண்டுதோறும் நடத்துகிறவர்களே அதில் பாத்திரங்களாகவும் இருக்கிறார்கள். தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அதை அறுத்து அழுவதும் அவர்களே. தங்களுக்கு இடமில்லாத கதையை அவர்கள் எதற்காகப் பதினெட்டு நாள் சுமக்கப் போகிறார்கள்? வண்ணாத்திப்பாறையில் பேடியருக்காகக் கதை கேட்க யாரும் இருந்ததில்லை.

கூவாகத்தையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. அங்கே கிடைத்த இடம் ஓரிரவு மனைவியின் இடம், அடுத்த நாள் கைம்பெண்ணின் இடம். படக்கருவிகள் திருநங்கையர் அழும் காலையைத்தான் தேடி வருகின்றன, மீதி முந்நூற்றுச் சொச்சம் நாட்களை அல்ல. அந்த நாட்களை அறிய வேண்டுமென்றால் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' (2007) போன்ற நூல்களுக்குத்தான் போக வேண்டும். அவர்களே எழுதத் தொடங்கியதற்கு முன்னால் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே கி. ராஜநாராயணனின் 'கோமதி' இருந்தது. 2008இல் தமிழக அரசு தனி நலவாரியம் அமைத்தபோதும் 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றபோதும், இந்த எழுத்துகள் முன்பே ஒரு வழியைச் செப்பனிட்டு வைத்திருந்தன.

திரைப்படம் இரண்டு கதைகளிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. சு. வெங்கடேசனின் காவல் கோட்டத்திலிருந்து கிளைத்த வசந்தபாலனின் அரவான் (2012), பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டுக் களவையும் காவலையும் பலியையும் பற்றிய படம். மதுரைக்கும் தேனிக்கும் இடைப்பட்ட ஊர்களின் நினைவு படிந்த வரலாறு அது. பாரதத்திலிருந்து அது வாங்கிய பெயரில் பலியாகும் ஆண் வந்தான், மோகினி வரவில்லை. படத்தின் கதைக்கு அவள் தேவைப்படவில்லை என்பது நியாயமான பதில்தான். எங்கள் வருத்தம் படத்தின்மேல் அன்று, அந்தப் பதில் எப்போதும் எளிதாகக் கிடைத்துவிடுவதன்மேல். சமகாலக் கதைகளில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. காஞ்சனாவில் (2011) சரத்குமார், சூப்பர் டீலக்ஸில் (2019) விஜய் சேதுபதி. பின்னதைத் திருநங்கையர் சிலரே கடுமையாக விமர்சித்தார்கள், விருதும் கிடைத்தது. வரலாற்றுப் படத்தில் மட்டும் அந்த உடல்களுக்கு இன்னும் இடம் அரிது. வாளும் குதிரையும் வந்தவுடன் எல்லோரும் ஐயத்துக்கிடமில்லாத ஆண்களாகிவிடுகிறார்கள்.

கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த விழாவுக்கு வந்தவர்களுள் இலங்கைக் கயவாகுவையும் காப்பியம் குறிக்கிறது. அவன் நாட்டில் அவள் பத்தினித் தெய்வமானாள். மட்டக்களப்புத் தமிழர் கோயில்களில் வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. சிங்களரின் கம்மடுவச் சடங்கில் ஆண் பூசாரி பத்தினியின் உடையணிந்து அவளாகவே நிற்பதைக் கணநாத் ஒபயசேகர தம் பெருநூலில் (1984) விரித்து எழுதியிருக்கிறார். கடல் கடந்துபோன கண்ணகிக்கு ஆணுடலில் இறங்கத் தயக்கமில்லை. அவள் ஏறி நின்ற மலையில், அவளுக்காக நடந்த போரின் பேடியரைப் பற்றிக் கேட்டால் வழிகாட்டிகளும் விழிக்கிறார்கள்.

மாலையில் நாங்கள் இறங்கியபோது, கோட்டத்தில் கொடுத்த வளையல்களை அந்த அப்பத்தா முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். பேரன் தனக்கொன்று வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினான். யாரும் தடுக்கவில்லை, சின்னப் பையன்தானே. கூடலூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மங்கலதேவி கோயில் கூட்டத்தைக் காட்டினார்கள், நம்ம ஊரு என்று பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அடுத்து கூவாகம். யாரோ சிரித்தார்கள். ஒருவர் அலைவரிசையை மாற்றச் சொன்னார். கடைக்காரர் கை வேலையாக இருந்தார், மாற்றவில்லை. வெள்ளைத் தோடும் கை நிறைய வளையலுமாக ஒரு முகம் திரையில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. ஆற்றிய தேநீரின் இரைச்சலில் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னோம்.